இரண்டு தட்டி ஒன்றை விட்டு

உதட்டோரத்தில் ஒரு சொட்டுப் பால் நிற்கிறது, வெளியே வழியவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை, மார்பு வாய்க்குள்தான் இருக்கிறது, வாய்தான் வேலையை நிறுத்திவிட்டது, மூன்று தரம் சப்பினான், நான்காவதற்குத் தாடை பாதி அசைந்து கரண்ட் போன விசிறி மாதிரி நின்றுபோயிற்று, சுகந்தி குனிந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இடது கை அவன் தலையைத் தாங்கியிருக்கிறது, வலது கை அவன் முதுகில் தன் பாட்டுக்கு இருக்கிறது, பதினொரு நாள் முதுகு, அவளுடைய ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற முதுகு, சாமி, முழிச்சுக்கடா, இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய், என்கிறாள், அவன் கேட்டால்தானே. மதியம் ஒன்றரை மணி, ஓட்டு வீட்டின் நடு அறை, மாமியார் பாவாயி காலை ஆறு மணிக்கே கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விட்டாள், திரும்பி வர ஐந்தாகும், புருஷன் செங்கோடன் போர்வெல் லாரியோடு ஒடிசாவில் எங்கேயோ பாறையைக் குடைந்துகொண்டிருக்கிறான், இந்த வீட்டில் முழித்திருக்கிற ஆள் அவள் ஒருத்திதான், இன்றைக்கு என்றில்லை, யோசித்துப் பார்த்தால் எந்த வீட்டிலும் எந்த வயதிலும் முழித்திருக்கிற ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருக்கிறாள். நாலு மணிக்கு ஜெசிந்தா நர்சம்மா தராசோடு வந்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் கொக்கியில் தூளியை மாட்டி முள்ளைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தரம் மாட்டினார், அப்புறம்தான் பேசினார், பொறந்தப்ப ரெண்டு அறநூறு, இன்னைக்கு ரெண்டு முந்நூத்தி முப்பது, என்னம்மா டீச்சர், ஊர்க் கொழந்தைகளுக்கெல்லாம் எடை போட்டு அட்டையில பச்சை மஞ்சள் செவப்புன்னு புள்ளி வெக்கறவ நீ, உனக்குப் போயி நான் சொல்லணுமா, லேசா மஞ்சக்காமாலை இருக்குது, அதனால தூங்குது, தூங்கறதால குடிக்கிறதில்ல, குடிக்காததால காமாலை எறங்கறதில்ல, மறுக்காத் தூங்குது, வெள்ளிக்கெழம நாலு மணிக்கு வரேன், பத்து கிராமாவது ஏறியிருக்கோணும், இல்லீன்னா நாமக்கல் பெரியாசுபத்திரிதான், மூக்குல கொழாய் வெச்சுப் பால் ஊத்துவாங்க, பொட்டிக்குள்ள படுக்க வெச்சுருவாங்க, நீ வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்க வேண்டியதுதான் பார்த்துக்க. ஆகட்டுங்க நர்சம்மா என்றாள் சுகந்தி, அப்போதும் அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான், தன்னைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்று ஒரு அக்கறையும் இல்லாமல்.

அன்றையிலிருந்து மூன்று நாள், ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாயிற்று, சட்டையைக் கழற்றி வெறும் உடம்போடு மார்பில் போட்டுக்கொண்டாயிற்று, உள்ளங்காலைச் சுண்டினாயிற்று, சுண்டினால் ஒரு சுளிப்பு, கிழவனைப் போல ஒரு சலிப்பு, மறுபடி தூக்கம், பீய்ச்சிய பாலைப் பாலாடைச் சங்கில் ஊற்றிக் கொடுத்தால் தொண்டைக்குள் போவது பாதி, கழுத்து மடிப்பில் வழிவது பாதி, காதுக்குள் போகாமல் துடைப்பதற்கே ஒரு துண்டு வேண்டியிருக்கிறது. பால் இல்லாமல் இருந்தாலாவது அதன் தலையில் பழியைப் போடலாம், பூண்டும் கருவாடுமாக மாமியார் பொங்கிப்போட்டதில் பால் கட்டிக் கல்லாகிக் கிடக்கிறது, ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தானாகக் கசிந்து சேலையை நனைக்கிறது, குடிக்கத்தான் ஆளில்லை. ஊர் இதைக் கேட்டால் சிரிக்கும், ஏனென்றால் இந்தச் சுற்று வட்டாரத்தில் பிள்ளைகளைத் தூங்கவைப்பதில் சுகந்தி டீச்சரை மிஞ்ச ஆள் கிடையாது, என்ற மருமவ கைபட்டா ஆனையும் தூங்கிருமுங்க என்று பாவாயி பண்ணையில் பெருமை பேசுவது சும்மா இல்லை, அங்கன்வாடியில் இருபத்தாறு பிள்ளைகள், மதியச் சோறு தின்று கைகழுவி வந்ததும் இரண்டு வரிசையாகப் பாயில் படுக்கும், கத்தும், கிள்ளும், ஒன்று இன்னொன்றின் காலை இழுக்கும், அவள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டி ஆளுக்கொரு முதுகாகத் தட்ட ஆரம்பிப்பாள், ஒன்று அடங்கினால் அடுத்தது, ஆயா மாரக்கா பாத்திரம் கழுவிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்க்கும்போது அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், மருந்து கிருந்து வெச்சிருக்கறயா கண்ணு என்பாள் மாரக்கா, சிரித்துவிட்டு அவளும் வாசற்படியில் தலைசாய்த்துவிடுவாள். அதன்பிறகு வருகிற அந்த ஒன்றரை மணி நேரம், பல்லி கத்தினால் கேட்கும், சுவரில் ஒட்டிய யானையும் ஒட்டகமும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும், இருபத்தேழு மூச்சுக்கு நடுவில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லலாம் என்றால் எல்லோரையும்தான் அவளே தூங்கவைத்துவிட்டாளே.

தட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது, இரண்டு தட்டி ஒன்றை விட வேண்டும், தட் தட், அப்புறம் ஒன்று வர வேண்டிய இடத்தில் வராது, மறுபடி தட் தட், வராத அந்தத் தட்டுக்குக் காத்திருந்து காத்திருந்தே பிள்ளை தூங்கிவிடும், இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, அம்மா ரங்கநாயகி, அதுவும் பிள்ளையைத் தூங்கவைக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை, தன்னைத் தூங்கவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் மூன்றாம் ஷிப்டு, காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவாள், தலைமயிரிலும் இமையிலும் பஞ்சு, சுகந்திக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, அப்பா என்று ஒருவர் மாலை போட்ட படத்தில் இருந்தார், அம்மா ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கிப் படுப்பாள், தூக்கம் வராது, காதுக்குள்ள மிஷின் ஓடுது கண்ணு என்பாள், கொஞ்சம் தட்டிவுடு, அப்படியில்ல, ரெண்டு தட்டி ஒண்ண வுடு, ஆ, அப்படித்தான், என்ற சாமி. ஐந்து வயதுக் கை முப்பது வயது இடுப்பைத் தட்டுகிறது, வெளியே பிள்ளைகள் பாண்டி ஆடுகிற சத்தம், இவள் எழுந்திருக்க முடியாது, நிறுத்தினால் அம்மா கண்ணைத் திறந்துவிடுவாள், எத்தனை தரம் பார்த்திருக்கிறாள், தூங்கிவிட்டாள் என்று கையை எடுத்ததும் பட்டென்று இமை திறக்கும், ஏங்கண்ணு நிறுத்திட்ட, மில்லுலயும் இப்படித்தான், மிஷின் ஓடற வரைக்கும் நின்னுட்டே தூங்கிருவோம், கரண்ட் போயி மிஷின் நின்னா அத்தனை பேரும் திடுக்குன்னு முழிச்சுக்குவோம், சத்தம் நின்னாத்தான் முழிப்பு, தட்டு. அவள் தட்டினாள், கை வலித்தால் கையை மாற்றித் தட்டினாள், சாக்கின் ஓட்டை வழியாக வெயில் ஒரு காசு மாதிரி தரையில் விழுந்து நகர்ந்து அம்மாவின் பாதம் வரைக்கும் போகும், அதைப் பார்த்துக்கொண்டே தன்னோடு தானே பேசப் பழகினாள், மெதுவாக, உதடு மட்டும் அசைய, அம்மாவுக்குக் கேட்காமல்.

போன் அடிக்கிறது, சுகந்தி தோளால் காதில் அண்டக்கொடுத்துப் பிடிக்கிறாள், பாவாயிதான், பின்னால் ஆயிரம் கோழி கத்துகிறது, அம்மிணீ, பையன் குடிச்சானா, குடிச்சானுங்கத்தே, நல்லாக் குடிச்சானா, நல்லாத்தானுங்க குடிச்சான், பொறகென்ன, நர்சம்மா தராசு தூக்கி வந்து என்ன பண்ணப்போறா, நீ கலங்காத, நீயும் ஒரு வாய் தின்னுட்டுக் கண்ணசருடி, என்றுவிட்டு வைத்துவிட்டாள். பொய் எதற்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, நாலு மணிக்கு முள் காட்டிக்கொடுத்துவிடும், ஆனாலும் இன்னும் குடிக்கலீங்கத்தே, எனக்குப் பயமா இருக்குதுங்க என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு பதில் வந்திருக்கும், அந்தப் பதிலுக்கு இவள் இன்னொரு பதில் சொல்ல வேண்டியிருக்கும், அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. செங்கோடனிடமும் அப்படித்தான், நேற்று மத்தியானம் வீடியோவில் வந்தான், முகமெல்லாம் பாறைத்தூள், ராத்திரி முழுக்க ஓட்டினோம் சுகந்தி, எண்ணூறு அடி போயும் ஈரமில்ல, எங்கே, பையனைக் காட்டு, காட்டினாள், தூங்கறானா, நல்லாத் தூங்கட்டும், என்னையாட்டமே இருக்கறான் பாரு என்றான், சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது, லாரிக்கு அடியில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தான், போன் அவன் நெஞ்சில் சரிந்துவிட்டது, திரையில் லாரியின் அடிவயிறு மட்டும் தெரிந்தது, அவன் மூச்சு மட்டும் கேட்டது, இவள் அணைக்கவில்லை, பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தாள், கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஐந்து மாசம் வரும், அதிலும் பாதி தூக்கம், ஒடிசாவிலிருந்து வந்திறங்கி அவள் மடியில் தலையை வைப்பான், அவள் கை தானாக அவன் தோளுக்குப் போகும், சொல்வதற்கு மூன்று மாசத்துப் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பாள், முதல் பேச்சு முடிவதற்குள் குறட்டை வந்துவிடும். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா, சொல்லத் தெரியவில்லை, ஆனால் கோபம் இருக்கிறது, ஆமாம், இருக்கிறது.

பிள்ளையின் மூக்கடியில் சுண்டுவிரலை வைத்துப் பார்க்கிறாள், இழை மாதிரி ஒரு சூடு வந்து போகிறது, மறுபடி வருகிறது, இருக்கிறான், இதை ஒரு மணி நேரத்துக்கு நாலு தரம் செய்கிறாள், மாமியார் பார்த்தால் திட்டுவாள், தூங்கற கொழந்தைய அப்படிப் பார்க்கப்படாது என்பாள், பாவாயிக்கு என்ன தெரியும், அந்த மத்தியானத்தில் இவள் பக்கத்தில் யார் இருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் பஞ்சைச் சுவாசித்த நெஞ்சு, கடைசியில் மூச்சு விடுவதையே ஒரு வேலையாக்கிவிட்டது அம்மாவுக்கு, ஆறு வருஷத்துக்கு முந்தி திருச்செங்கோட்டில் ஆசுபத்திரிக் கட்டிலில் தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே இருந்தாள், மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை, நாலாம் நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும், தட்டு கண்ணு என்றாள், அவ்வளவுதான், சுகந்தி கட்டிலில் ஏறி அம்மாவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு தட்டினாள், இரண்டு தட்டி ஒன்றை விட்டு, அம்மாவின் இமை இறங்கியது, இழுப்பு தணிந்தது, அப்பாடா என்று இருந்தது, பக்கத்துக் கட்டிலுக்குச் சோறு கொண்டுவந்த பெண், தூங்கிட்டாங்களா, நல்லதாப் போச்சு என்று கிசுகிசுத்தாள், சுகந்திக்குப் பெருமைகூட இருந்தது, டாக்டர் மருந்தில் வராத தூக்கம் தன் கையில் வந்துவிட்டதே என்று, அதனால் நிறுத்தவில்லை, நிறுத்தினால் முழித்துக்கொள்வாளே, மூன்றரை மணி வரைக்கும் தட்டினாள், டீ கொண்டுவந்தவன் சத்தம் கேட்டுத்தான் கையை எடுத்தாள், எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், இமை இப்போது திறக்கும், ஏங்கண்ணு நிறுத்திட்ட என்று இப்போது கேட்பாள், இப்போது, இப்போது. எந்தத் தட்டுக்கும் எந்தத் தட்டுக்கும் நடுவில் அம்மா எழுந்து போனாள் என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது. இதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கடிகாரத்தில் இரண்டரை, சொட்டு உதட்டோரத்திலேயே காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிட்டது, அவனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுகிறாள், தலை துவண்டு விழுகிறது, காம்பை உதட்டில் தேய்க்கிறாள், வாய் திறக்கிறது, பிடிக்கிறது, ஒரு சப்பு, இரண்டு, சாமி, இன்னும், என்கிறாள், தாடை நின்றுவிடுகிறது, அடுத்த நொடி அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, ஏண்டா, நீயும் இப்படித்தானா, உன்னையாவது, என்று ஏதோ சொல்கிறாள், சத்தமாகவே சொல்கிறாள், யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு, டீச்சர், யாருகூடப் பேசறீங்க. அந்தக் குரல் இந்த அறையில் இல்லை, இரண்டு வருஷத்துக்கு முந்தியது, மிதுனாவின் குரல், நாலு வயது, தூங்கவே தூங்காத ஒரே பிள்ளை, இருபத்தைந்தும் விழுந்துகிடக்க அது மட்டும் பாயில் கண்ணைக் கொட்டிக்கொண்டு படுத்திருந்தது, சுகந்தி எதையோ தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டது, யாருகூடவும் இல்ல, நீ தூங்கு என்று வெட்கத்தோடு அதன் முதுகில் கையை வைத்தாள், தட் தட், மிதுனா திரும்பிப் படுத்து அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது, தட்டாதீங்க டீச்சர், எனக்குத் தூக்கம் வந்துரும், வரட்டுமே, வேண்டாம், அன்னைக்கு எங்கம்மா என்னையப் பாக்க வந்துட்டு நான் தூங்கறேன்னு திரும்பிப் போயிருச்சு, கைய எடுங்க. எடுத்துவிட்டாள், ஆனால் ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கை மறுபடி அதன் முதுகில், தட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது போனது என்று இவளுக்கே தெரியாது, மிதுனா முறைத்தது, டீச்சர், உங்க கை மறுக்காத் தட்டுது பாருங்க, நீங்க சொன்னாக் கேக்காதா அது.

சுகந்தி தலையைக் குனிந்து பார்க்கிறாள்.

தட் தட், ஒரு நிறுத்தம், தட் தட். வலது கை. அவன் முதுகில். தன் பாட்டுக்கு.

எப்போதிலிருந்து, இன்று காலையிலிருந்தா, செவ்வாய்க்கிழமையிலிருந்தா, பிறந்த நாள் ராத்திரி அவனைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் போட்டார்களே அப்போதிலிருந்தா, நர்சம்மா பார்க்கும்போது தெரிந்திருக்காது, அவர் எதிரே இருந்தபோது சொல்லிக்கொடுத்தபடி வலது கை மார்பைத் தாங்கியிருந்தது, மாமியார் பார்த்திருப்பாள், பார்த்துப் பூரித்திருப்பாள், மருமகள் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறாள் என்பதில் தப்பு கண்டுபிடிக்க யாருக்குத் தோன்றும். வாய், குடி குடி என்று கெஞ்சுகிறது, கை, தூங்கு தூங்கு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம், அவன் எதைக் கேட்பான், ஊரையே தூங்கவைத்த கையோடு பதினொரு நாளாக ஒற்றை ஆளாக மல்லுக்கட்டியிருக்கிறான். கையை எடுக்கிறாள், எடுத்த கை காற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிற்கிறது, அதைக் கொண்டுபோய்த் தன் தொடைக்கு அடியில் அழுத்தி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள், தையல் போட்ட இடம் சுரீரென்கிறது, பரவாயில்லை.

சத்தம் நின்றுவிட்டது, சத்தம் நின்றால் முழிப்பு வர வேண்டும், மிஷின் நின்றால் முழித்துக்கொள்வார்கள், ஆனால் ஒரு தரம் அப்படி நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளே, இமையையே பார்த்துக்கொண்டு, இப்போது, இப்போது என்று, அதே இரண்டு மணிக்கும் மூன்றரை மணிக்கும் நடுவிலான வெயில்தான் இப்போதும் ஓட்டுச்சந்தில் இறங்குகிறது, மூக்கடியில் விரல் வைக்கலாம் என்றால் ஒரு கை தலைக்கடியில், ஒரு கை தொடைக்கடியில், வெளியே எடுத்தால் அது தட்டிவிடும், அவள் அசையவில்லை, அம்மா, என்கிறாள், எதற்கு அம்மாவைக் கூப்பிட்டாள் என்று தெரியாமலே, அம்மா, நான் நிறுத்திட்டேன், பார்த்துக்க. ஒன்றுமில்லை, விசிறி சுற்றுகிறது, தெருவில் தண்ணீர் வண்டி போகிறது, ஒன்றுமில்லை, அப்புறம் அவன் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுகிறது, வர வேண்டிய ஒன்று வரவில்லை என்று கண்டுகொண்ட சுருக்கம், காத்திருக்கிறான், தட்டு வரவில்லை, இரண்டாவது சுருக்கம், மூக்கு சுளிகிறது, ஒரு கால் உதைக்கிறது, உதை அவள் வயிற்றில் நன்றாகவே படுகிறது, முகம் சிவக்கிறது, வாய் கோணுகிறது, காம்பைத் துப்பிவிட்டு வீறிடுகிறான், ஏன் நிறுத்தினாய் என்றுதான் கேட்கிறான், வேறென்ன, அதே கேள்வி, இதே கேள்விக்குத்தான் அவள் ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிகிறது, கண்ணீர் அவன் வயிற்றில் சொட்டுகிறது, அழு சாமி, நல்லா அழு என்கிறாள், திறந்த வாய்க்குள் மார்பை வைக்கிறாள், கோபத்தோடு கவ்வுகிறான், வலிக்கிறது, பாலும் அந்தக் கோபத்துக்கு இறங்கி வருகிறது, ஒரு சப்பு, ஒரு மிடறு, ஒரு சப்பு, ஒரு மிடறு, தொண்டையில் க்ளுக் க்ளுக் என்று சத்தம் கேட்கிறது, பதினொரு நாளில் முதல் தரம் கேட்கிறது, இப்படியா இருக்கும் அது. கண்ணைத் திறந்துகொண்டு குடிக்கிறான், தூங்கப் பார்த்தால் அவள் சும்மா இருக்கிறாள், தாளம் வராத சங்கடத்தில் அவனே மறுபடி கண்ணைத் திறக்கிறான், இந்தப் பக்கம் தீர்ந்து அந்தப் பக்கம், கை மரத்துப்போய்விட்டது, அவள் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் என்று வாசலில் குரல், நாலு ஆகியிருக்கிறது, ஜெசிந்தா நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் ஒரு எட்டில் நின்றுவிட்டார், காதைச் சாய்த்தார், அந்தச் சத்தம் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும், எந்திரிக்காத எந்திரிக்காத, குடிச்சு முடிக்கட்டும் என்று பைக்குள்ளிருந்த தராசை வெளியே எடுக்காமல் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார், என்னமோ கைய ஒளிச்சு வெச்சிருக்கற என்றார், சுகந்தி சொன்னாள், கை தட்டினதைச் சொன்னாள், மிதுனா சொன்னதைச் சொன்னாள், மில்லைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள், நர்சம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார், அட என்ற தேவனே, முப்பது வருஷ சர்வீசுல இப்படியொண்ணக் கேட்டதில்ல டீச்சர். பிறகு கொக்கியை உத்தரத்துக் கயிற்றில் மாட்டித் தூளியில் அவனை வைத்தார், முள் ஆடியது, சுகந்தி பார்க்கவில்லை, நர்சம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள், ரெண்டு முந்நூத்தித் தொண்ணூறு, என்றார், அறுவது ஏறியிருக்குது, இப்பக் குடிச்ச பால் வயித்துல இருக்கறதையும் சேத்துத்தான் இது, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத, ஆனா அப்படிக் குடிக்கிற பையனுக்குக் கொழாய் என்னத்துக்கு, நாமக்கல் வேண்டாம், திங்கக்கெழம மறுக்கா வரேன், ரெண்டு மணிக்கொருக்கா எழுப்பிக் குடு, அந்தக் கைய மட்டும் கட்டிப்போடு. சரிங்க என்றாள், நர்சம்மா போன பிறகு வண்டிச் சத்தம் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள், வீடு மறுபடி பழைய வீடாகிவிட்டது, விசிறி, ஓட்டுச்சந்து வெயில், மாமியார் வர இன்னும் அரை மணி.

ஆனால் அவன் தூங்கவில்லை. மடியில் மல்லாந்து கிடக்கிறான், கண் இரண்டும் திறந்திருக்கிறது, வெள்ளையில் இன்னும் லேசான மஞ்சள், எங்கே பார்க்கிறான் என்று சொல்ல முடியாது, அவள் முகம் இருக்கிற பக்கமாகப் பார்க்கிறான், உதட்டோரத்தில் ஒரு சொட்டுப் பால் நிற்கிறது, அவள் துண்டை எடுக்கப் போகிறாள், அதற்குள் சின்ன நாக்கு வெளியே வந்து அதைத் தொட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. மரத்த கையைத் தொடைக்கடியிலிருந்து எடுக்கிறாள், விரல்களில் ஊசி குத்துகிறது, அதை அவன் நெஞ்சில் வைக்கிறாள், கை சும்மா இருக்கிறது, இன்னும் சும்மா இருக்கிறது, பரவாயில்லை, சொன்னால் கேட்கும் போலத்தான் இருக்கிறது. இத்தனை வெளிச்சத்தில் ஒரு முகம் முழித்துக்கொண்டு தன்னைப் பார்ப்பது அவளுக்குப் புதுசு, என்ன செய்வதென்று தெரியவில்லை, வாயில் பேச்சு வருகிறது, உதடு மட்டும் அசைகிற பழைய பேச்சு, பிறகு அது சத்தமாகிறது. உன்ற அம்மிச்சி பேரு ரங்கநாயகி, தெரியுமா உனக்கு, மில்லுல மூணாம் ஷிப்டு, வூட்டுக்கு வந்தா இமையெல்லாம் பஞ்சா இருக்கும், என்கிறாள், அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணி இருக்குஞ்சாமி, தட்டு கண்ணுன்னுச்சு, நானு கட்டில்ல ஏறி ஒக்காந்தேன், என்கிறாள், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். யாருகூடப் பேசறீங்க டீச்சர் என்று மிதுனா இப்போது கேட்டால் சொல்லலாம், இவங்கூடத்தான்.